வெள்ளெழுத்தும் சிவப்புப் புள்ளியும்

எனக்கு வெள்ளெழுத்து வந்ததைச் செய்தித்தாள் படிக்கும்போது கண்டுபிடிக்கவில்லை. சுடுதளத்தில்தான் கண்டுபிடித்தேன். அப்போது 47 வயது. தென்னாப்பிரிக்காவில், டர்பனிலிருந்து என்3 சாலையில் பீட்டர்மாரிட்ஸ்பர்க் பக்கம் ஏறும் மேட்டில் எங்கள் கிளப்பின் சுடுதளம் இருக்கிறது. ஒரு சனிக்கிழமை காலை, வழக்கம்போலக் கையை நீட்டி பிஸ்டலின் முன்குறியைப் பார்த்தேன். அதன் மேல்விளிம்பு பிளேடால் வெட்டியதுபோல நேராகத் தெரிய வேண்டும். அன்றைக்கு அது பஞ்சு ஒட்டியதுபோல இருந்தது. கண்ணைக் கசக்கினேன், கண்ணாடியைத் துடைத்தேன், தலையைக் கொஞ்சம் சாய்த்தும் பார்த்தேன். பஞ்சு போகவில்லை. சுட்டு முடித்து அட்டையை எடுத்து வந்தால் பத்துத் தோட்டாவும் ஒன்றன்மேல் ஒன்றாகத் தூண் மாதிரி நிற்கின்றன. இடவலத்தில் பிசகே இல்லை. உயரம்தான் போயிருந்தது. விளிம்பு எங்கே முடிகிறது என்று கண்ணுக்கே தெரியாதபோது கை என்ன செய்யும்?

சாதாரண பிஸ்டலில் குறி பார்க்கிறவர் மூன்று பொருளை ஒரே கோட்டில் நிறுத்துகிறார்: பின்குறியின் பள்ளம், முன்குறியின் கட்டை, 25 மீட்டர் தள்ளி இருக்கும் அட்டை. மூன்றும் மூன்று தூரத்தில் இருக்கின்றன. கண் ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் தெளிவாகப் பார்க்கும். அதனால்தான் எல்லாப் பயிற்சியாளரும் "முன்குறியைப் பார், அட்டை மங்கலாக இருந்தால் பரவாயில்லை" என்று சொல்லிக் கொடுக்கிறார்கள். நாற்பதைத் தாண்டியதும் கண்ணின் லென்ஸ் இறுகிப்போய், முதலில் கிட்டத்தில் இருப்பதும், பிறகு கை நீளத் தூரத்தில் இருப்பதும் மங்குகிறது. அந்த முன்குறி சரியாக அங்கேதான் நிற்கிறது.

ரெட் டாட், அதாவது பிஸ்டலின் மேல் பொருத்தும், சின்னக் கண்ணாடியில் சிவப்புப் புள்ளி காட்டும் சைட் (குறிபார்க்கும் கருவி), இந்த மூன்றையும் ஒன்றாக்கிவிடுகிறது. புள்ளி கண்ணாடியின் மேல் இல்லாமல், தூரத்தில் அட்டையின் மேலேயே இருப்பதுபோலத் தெரியும். தூரப் பார்வை சரியாக இருந்தால் போதும், அட்டையைப் பார்த்துக்கொண்டே சுடலாம். என் வயதில் இருப்பவர்களுக்கு அது எவ்வளவு பெரிய நிம்மதி என்பதை அனுபவித்தவர்களே அறிவார்கள். அதற்கு வீட்டுச் செலவில் கைவைக்கும் அளவுக்குப் பணம் கொட்டத் தேவையில்லை என்பதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். குறி பார்க்கும் பிஸ்டலில், அதுவும் சின்னத் தோட்டா போடும் .22 பிஸ்டலில், நடுத்தர விலை ரெட் டாட் தாராளமாகப் போதும். ஏன் போதும், எங்கே போதாது என்பதைத் தெரிந்துகொண்டு வாங்க வேண்டும். நான் தெரிந்துகொள்ளாமல் ஒரு தடவை வாங்கிப் பட்டேன்.

முதலில் ஒன்று. எந்தப் போட்டிக்காகச் சுடுகிறீர்கள் என்று யோசித்துக்கொள்ளுங்கள். ஐஎஸ்எஸ்எஃப் என்ற சர்வதேசச் சுடுதல் கூட்டமைப்பின் விதிப்படி நடக்கும் பிஸ்டல் போட்டிகளில், அதாவது ஒலிம்பிக்கில் பார்க்கிறோமே அந்த 10 மீட்டர் ஏர் பிஸ்டல், 25 மீட்டர் பிஸ்டல் இவற்றில், ஒளியியல் சைட் எதுவும் கூடாது. திறந்த குறிகள் மட்டும்தான். சென்னையிலும் கோவையிலும் ஏர் பிஸ்டல் பழகும் நண்பர்கள் ரெட் டாட் வாங்கலாமா என்று கேட்கிறார்கள், அவர்களுக்கு என் பதில் இதுதான்: பணத்தை வைத்துக்கொள்ளுங்கள், கண் மருத்துவரிடம் போய் முன்குறியின் தூரத்துக்கு ஏற்ற கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள். அமெரிக்காவின் புல்ஸ்ஐ போட்டிகளிலோ கதை வேறு. 50 கெஜத்திலும் 25 கெஜத்திலும் ஒற்றைக் கையால் சுடும் அந்த ஆட்டத்தில் பல பத்தாண்டுகளாக ரெட் டாட் சாதாரண விஷயம். ஓடி ஓடி இலக்குகளைச் சுடும் ஐபிஎஸ்சி போட்டிகளிலும் அப்படித்தான். 1990இல் அடிலெய்டில் நடந்த உலகப் போட்டியை அமெரிக்கரான டக் கோனிக் ரெட் டாட் வைத்த பிஸ்டலால் வென்றார். அதற்குப் பிறகு, ரெட் டாட்டும் வைக்கலாம் என்ற ஓப்பன் பிரிவில் திறந்த குறியோடு யாரும் ஜெயிக்கலாம் என்ற நினைப்பே போய்விட்டது. இங்கே அந்த விளையாட்டை நடத்துவது சாப்சா என்ற சங்கம். எங்கள் கிளப்பில் நாங்கள் சுடுவது நட்புப் போட்டிதான். 25 மீட்டர், நின்றபடி, திறந்த குறிக்குத் தனிப் பட்டியல், ரெட் டாட்டுக்குத் தனிப் பட்டியல்.

ஊரிலிருந்து படிப்பவர்களுக்காகச் சட்டத்தைப் பற்றி இரண்டு வரி. தென்னாப்பிரிக்காவில் துப்பாக்கி வைத்துக்கொள்ள 2000ஆம் ஆண்டின் 60ஆம் எண் சட்டப்படி முதலில் தகுதிச் சான்றிதழ், அப்புறம் ஒவ்வொரு துப்பாக்கிக்கும் தனித்தனி லைசென்ஸ். விளையாட்டுக்காகச் சுடுகிறவருக்கு 15ஆம் பிரிவோ 16ஆம் பிரிவோ பொருந்தும். வீட்டில் இரும்புப் பெட்டி கட்டாயம். மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும். சைட்டுக்கு இதெல்லாம் வேண்டாம், கடையில் பணம் கொடுத்து எடுத்து வரலாம். அந்தச் சுலபமே அவசரப்பட வைக்கிறது.

சரி, இந்தப் புள்ளி எங்கிருந்து வருகிறது? சைட்டுக்குள் பின்பக்கத்தில் கடுகு அளவுகூட இல்லாத ஒரு எல்ஈடி விளக்கு இருக்கிறது. முன்னால் லேசாக வளைந்த கண்ணாடி. அதில் சிவப்பை மட்டும் திருப்பி அனுப்பும் மெல்லிய பூச்சு. விளக்கு அந்த வளைவின் குவியத்தில் இருப்பதால், திரும்பி வரும் ஒளிக்கதிர்கள் ஒன்றுக்கொன்று இணையாக நம் கண்ணுக்கு வருகின்றன. இணையாக வரும் ஒளியை மூளை வெகுதூரத்தில் இருந்து வருவதாகவே எடுத்துக்கொள்ளும். நட்சத்திரம் மாதிரி. இந்த யோசனையை 1900இல் சொன்னவர் டப்ளினில் தொலைநோக்கி செய்துகொண்டிருந்த ஹோவர்ட் கிரப். கொடைக்கானல் சூரிய ஆய்வகத்துக்குப் பள்ளிச் சுற்றுலா போயிருப்பவர்கள் அங்கே இருக்கும் சுரங்கத் தொலைநோக்கியைப் பார்த்திருப்பீர்கள். அந்தக் கருவி கிரப் பார்சன்ஸ் என்ற நிறுவனம் செய்தது. அந்தப் பெயரில் இருக்கும் கிரப் இந்தக் குடும்பம்தான். இது தெரிந்த நாளில் எனக்கு ஏற்பட்ட சந்தோஷத்தைச் சொல்ல முடியாது. எட்டாம் வகுப்பில் கோக்கர்ஸ் வாக் முடித்து அந்த ஆய்வகத்தில் வரிசையில் நின்றவன் நான். கிரப்பின் காலத்தில் எல்ஈடி கிடையாது. எல்ஈடியும் சின்ன பேட்டரியும் வைத்து அதைக் கடைக்குக் கொண்டுவந்தவர்கள் சுவீடனின் எய்ம்பாயின்ட் நிறுவனத்தினர், 1975இல்.

இந்த அமைப்பைப் புரிந்துகொண்டால் மலிவு சைட்டில் எதெல்லாம் கெட்டுப்போகும் என்பதும் புரிந்துவிடும். விளக்கு குவியத்திலிருந்து மயிரிழை விலகினாலும் புள்ளி இடம் மாறும். பூச்சு மட்டமாக இருந்தால் உலகமே நீலமாகத் தெரியும். கடையில் வெள்ளைச் சுவரை நோக்கிப் பிடித்துப் பாருங்கள். கொஞ்சம் நீலச்சாயல் எல்லாவற்றிலும் உண்டு, சிவப்பைத் திருப்பி அனுப்பிவிடுவதால் அப்படித்தான் இருக்கும். நீலக் கண்ணாடி போட்டதுபோல இருந்தால் வேண்டாம்.

புள்ளியின் அளவைப் பற்றி விரிவாகவே சொல்ல வேண்டும். அளவைக் கோணத்தில் சொல்கிறார்கள், எம்ஓஏ என்று. ஒரு பாகையில் அறுபதில் ஒரு பங்கு. 25 மீட்டரில் ஒரு எம்ஓஏ என்பது 7.3 மில்லிமீட்டர். எனவே 2 எம்ஓஏ புள்ளி அட்டையில் ஏறக்குறைய 15 மில்லிமீட்டரை மறைக்கும். 3 என்றால் 22. 6 என்றால் 44. 8 என்றால் 58. இப்போது அட்டையைப் பாருங்கள். 25 மீட்டர் துல்லியச் சுடுதல் அட்டையில் கறுப்பு வட்டத்தின் விட்டம் 200 மில்லிமீட்டர், பத்தாம் வளையத்தின் விட்டம் 50. ஆக 8 எம்ஓஏ புள்ளி பத்தாம் வளையம் முழுவதையும் விழுங்கிவிடும். 6 எம்ஓஏ கிட்டத்தட்ட அதை நிரப்பும், ஓரத்தில் மெல்லிய வளையம் மட்டும் மிஞ்சும்.

அப்படியானால் சின்னப் புள்ளிதானே நல்லது என்று நானும் நினைத்தேன். அவ்வளவு நேரடியான விஷயமில்லை. 2 எம்ஓஏ புள்ளி கறுப்பு வட்டத்தின் மேல் ஊசிமுனை மாதிரி நிற்கும், ஆனால் கையின் ஒவ்வொரு நடுக்கத்தையும் அது காட்டிக்கொடுக்கும். புதிதாக வருபவர் அந்த ஆட்டத்தைப் பார்த்து மிரண்டு, "இப்போது நடுவில் வந்துவிட்டது" என்று விசையைப் பிடுங்கி இழுப்பார். தோட்டா ஏழாம் வளையத்துக்குப் போகும். பெரிய புள்ளியில் நடுக்கம் அவ்வளவாகத் தெரியாது, மனம் அமைதியாக இருக்கும். எங்கள் கிளப்பில் நன்றாகச் சுடும் இரண்டு பேர் வேண்டுமென்றே 6 எம்ஓஏ வைத்திருக்கிறார்கள். அதை ஒரு பந்தாக நினைத்து, கறுப்பு வட்டத்தின் நடுவில் பந்தை உட்கார வைக்கிறார்கள். ஒரு வட்டத்துக்குள் இன்னொரு வட்டத்தை நடுவில் வைப்பதில் நம் கண் கெட்டிக்காரக் கண். கோலம் போடும் வீட்டில் வளர்ந்தவர்களுக்கு இதைச் சொல்ல வேண்டியதில்லை. என் கைக்கு 3 எம்ஓஏ சரியாக வருகிறது. யோசனை கேட்பவர்களுக்கு 3 அல்லது 4 என்றே சொல்கிறேன். இன்னொரு விஷயம், வெளிச்சத்தைக் கூட்டினால் 3 எம்ஓஏ புள்ளியும் பூத்து 6 மாதிரி ஆகிவிடும். குறைத்தால் சுருங்கும். அதனால் ஒரு சைட்டில் நான் முதலில் பார்ப்பது அது எவ்வளவு மங்கலாகப் போக முடியும் என்பதைத்தான். எவ்வளவு பிரகாசம் என்பது எனக்கு இரண்டாம்பட்சம்.

இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறேன். ரெட் டாட்டைக் கொல்வது எது? சுடும்போது அது படும் அடி. இன்றைக்குப் பரவலாக விற்கும் 9 மில்லிமீட்டர் பிஸ்டல்களில் சைட்டை நேராக ஸ்லைடின், அதாவது முன்னும் பின்னும் ஓடும் மேல்பாகத்தின் மேல் திருகுகிறார்கள். ஒவ்வொரு தோட்டாவுக்கும் ஸ்லைடு படாரென்று பின்னால் போய் மோதி, மறுபடி முன்னால் வந்து மோதும். சைட்டும் அதோடு சேர்ந்து பறக்கிறது. பேட்டரியின் தொடுமுனை, பற்றவைத்த கம்பி, லென்ஸை ஒட்டிய பசை எல்லாம் அந்த அடியை வாங்க வேண்டும். அங்கே மலிவுப் பொருள் தாங்காது. அந்த இடத்தில் பணம் மிச்சம் பிடிக்காதீர்கள் என்றுதான் சொல்வேன்.

.22 வகையான ரூகர் மார்க் வரிசை பிஸ்டலில் இந்தப் பிரச்சினை கிடையாது. குழலும் அதன் உறையும் ஒன்றோடொன்று அசையாமல் பொருத்தியவை. உள்ளே உருளை வடிவ போல்ட் மட்டும் முன்னும் பின்னும் ஓடும். மேலே சைட் உட்காரும் இடம் அசையவே அசையாது. பிரௌனிங் பக் மார்க்கிலும், ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் விக்டரியிலும் சைட் அசையாத பாகத்தின் மேல்தான் உட்காருகிறது. அதோடு .22 தோட்டாவின் உதையே கொஞ்சம்தான். ஆக, குறி பார்க்கும் பிஸ்டலில் சைட் வாழ்வது ரொம்பச் சொகுசான வாழ்க்கை. விலை உயர்ந்த எய்ம்பாயின்ட் மைக்ரோ கேட்கும் பணம் பெரும்பாலும் அதன் உறுதிக்காக. அந்த உறுதியைச் சோதிக்கும் வேலையே நம் பிஸ்டலில் இல்லை. அதைவிட விலை மிகக் குறைந்த சைட்டே போதும் என்று நான் சொல்வது இதை வைத்துத்தான்.

போதும் என்றால் எதுவும் போதும் என்று அர்த்தமில்லை. என் முதல் சைட் கதையைக் கேளுங்கள். கடையின் பெயரும் சைட்டின் பெயரும் வேண்டாம். அது அலமாரியில் இருந்ததிலேயே மலிவு. சிவப்பும் எரியும், பச்சையும் எரியும், நான்கு வித வடிவங்கள் மாற்றிக்கொள்ளலாம். குழந்தைகளோடு கடைக்குப் போயிருந்தேன், அவர்களுக்கும் அது பிடித்திருந்தது. முதல் இரண்டு வாரம் எல்லாம் நன்றாகவே போனது. மூன்றாம் வாரம் தோட்டாக்கள் இடப்பக்கம் இறங்க ஆரம்பித்தன. என் கையைத்தான் சந்தேகப்பட்டேன். விரலை விசையில் வைக்கும் இடத்தை மாற்றினேன், பிடியை மாற்றினேன், ஒரு மாதம் முழுக்க என்னையே பிரித்துப் போட்டுப் பார்த்தேன். சர்க்கரை ஆலையில் கருவிகளைச் சரிபார்ப்பதுதான் என் வேலை. ஒரு அழுத்தமானி தவறாகக் காட்டினால் முதலில் மானியைச் சோதிப்பேன், பிறகுதான் கொதிகலனைத் தொடுவேன். அதையே இங்கே செய்ய எனக்கு ஒரு மாதம் ஆனது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மணல்மூட்டை வைத்து, மேசையில் உட்கார்ந்து, சதுரச் சோதனை செய்தேன். நடுவில் ஐந்து தோட்டா. பிறகு புள்ளியை நகர்த்தும் திருகை 20 கிளிக் மேலே. அந்த சைட்டில் ஒரு கிளிக் ஒரு எம்ஓஏ, எனவே 25 மீட்டரில் 14.5 சென்டிமீட்டர் ஏற வேண்டும். ஒன்பது சென்டிமீட்டர்தான் ஏறியது. பிறகு 20 கிளிக் வலது. முதல் இரண்டு தோட்டா பழைய இடத்திலேயே விழுந்தன, மூன்றாவது திடீரென்று தாவியது. அதிர்ச்சியில்தான் உள்ளே இருந்த பாகம் நகர்ந்திருக்கிறது. பிறகு 20 கீழே, 20 இடது. சதுரத்தை முடித்துப் புறப்பட்ட இடத்துக்கே தோட்டாக்கள் திரும்பி வர வேண்டும். நாலு சென்டிமீட்டர் தள்ளி, இடப்பக்கம் கீழே வந்து விழுந்தன. அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தேன். ஒரு மாதம் என் விரலைத் திட்டிக்கொண்டிருந்திருக்கிறேன். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம் என்று சொல்வார்கள். அன்றைக்கு என் விஷயத்தில் கூடமே கோணலாகத்தான் இருந்தது.

அந்தச் சதுரச் சோதனையை எந்த சைட் வாங்கினாலும் முதல் வாரத்திலேயே செய்துவிடுங்கள். இருபத்தைந்து தோட்டா செலவாகும். ரசீது கையில் இருக்கும்போதே செய்தால் மாற்றிக்கொள்ளலாம். நான் செய்தபோது கடைக்காரர் கொடுத்த கெடு முடிந்திருந்தது.

கடையிலேயே செய்யக்கூடிய சோதனைகளும் உண்டு. காதருகே வைத்து ஆட்டுங்கள், உள்ளே எதுவும் கடகடக்கக் கூடாது. திருகைத் திருப்பும்போது ஒவ்வொரு கிளிக்கும் விரலில் தனித்தனியாகத் தட்டுப்பட வேண்டும், களிமண்ணைத் திருப்புவதுபோல இருந்தால் வைத்துவிடுங்கள். பேட்டரி மூடியை மூடி, பக்கத்தில் உள்ளங்கையால் நாலு தட்டுத் தட்டுங்கள், புள்ளி சிமிட்டக் கூடாது. மேசையில் அசையாமல் வைத்து, தூரத்தில் ஒரு சுவிட்சின் மேல் புள்ளியை வைத்து, உங்கள் தலையை மட்டும் மேலும் கீழும் பக்கமும் நகர்த்துங்கள். புள்ளி லென்ஸுக்குள் நகரும், ஆனால் சுவிட்சை விட்டுப் போகக் கூடாது. கொஞ்சம் நழுவுவது எல்லாவற்றிலும் இருக்கும், "நழுவவே நழுவாது" என்று பெட்டியில் போட்டிருந்தாலும்கூட. லென்ஸின் விளிம்பில்தான் நழுவல் அதிகம், நடுவில் வைத்துச் சுட்டால் கவலையில்லை.

எந்த சைட் வாங்கலாம் என்று பெயர் கேட்கிறவர்களுக்கு என் அபிப்பிராயம் சுருக்கமாக. மூடிய குழாய் வகையில் சிக் சாவர் ரோமியோ 5, ஹோலோசன் 403 வரிசை இரண்டும் 2 எம்ஓஏ, கொடுக்கும் விலைக்கு மேலான தரம். புஷ்னல் டிஆர்எஸ்-25 இன்னும் மலிவு, 3 எம்ஓஏ, நூறு கிராமுக்குச் சற்று மேல், .22 பிஸ்டலில் பல வருஷமாக ஓடிக்கொண்டிருக்கிறது. அல்ட்ராடாட் புல்ஸ்ஐ ஆட்களின் செல்லப்பிள்ளை. அதன் மேட்ச்டாட் வகையில் புள்ளியின் அளவை 2, 4, 6, 8 என்று மாற்றிக்கொள்ளலாம். இங்கே கடைகளில் நான் பார்த்ததில்லை, ஒரு நண்பருடையதில் சுட்டிருக்கிறேன், அந்தப் புள்ளியின் வட்டம் இன்னும் கண்ணில் நிற்கிறது. திறந்த வகையில் வோர்டெக்ஸ் வெனம், பர்ரிஸ் ஃபாஸ்ட்ஃபயர் 3. முப்பது கிராம் சுற்றித்தான் எடை. ஒற்றைக் கையால் நீட்டிப் பிடிக்கிறவருக்கு அந்த எடை வித்தியாசம் ஐம்பதாவது தோட்டாவில் தோளில் தெரியும். நான் இப்போது வைத்திருப்பது ஒரு மூடிய குழாய், பழையதாக ஒரு கிளப் நண்பரிடம் வாங்கியது. பழைய சைட் வாங்கப் பயப்பட வேண்டாம், சதுரச் சோதனையில் தேறினால் அது நல்ல சைட்தான்.

வெளிநாட்டிலிருந்து தருவிக்கலாமே என்று தோன்றும். சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம். அனுப்பும் செலவு, சுங்கம், அதன்மேல் 15 சதவீத வாட் வரி, எங்கள் நாணயமான ரேண்ட் அன்றைக்கு விழுந்திருந்தால் அதுவும். கடைசியில் இங்கேயே வாங்கியிருக்கலாம் என்று ஆகும், மாற்றித் தர ஆளும் இருக்க மாட்டார்.

மூடிய குழாயா திறந்த வகையா என்பதில் டர்பன்காரர்களுக்கு என் ஓட்டு மூடிய குழாய்க்கு. திறந்த வகையில் விளக்கு வெளியே தெரியும்படி இருக்கிறது. ஒரு மழைத்துளியோ துணியிலிருந்து உதிரும் நூலோ விளக்கின் மேல் உட்கார்ந்தால் புள்ளி சிதறிவிடும். எங்கள் மேட்டில் மூடுபனி அடிக்கடி இறங்கும், நனைந்த துணியால் மூடியதுபோல ஆகிவிடும். மூடிய குழாயில் முன்னும் பின்னும் ஒரு துடைப்பு போதும். கீழே கடற்கரைப் பக்கம் குடியிருப்பவர்களுக்கு உப்புக்காற்று வேறு. இங்கே கோடைக்காலமான ஜனவரியில் குளிர்சாதனம் போட்ட காரிலிருந்து பிஸ்டல் பெட்டியை எடுத்து உடனே திறந்தால் லென்ஸ் முழுக்க வியர்த்துவிடும். பெட்டியை மூடியபடி நிழலில் இருபது நிமிஷம் வைத்துவிட்டுத் திறக்கிறேன். சின்ன எஃகுத் திருகுகளில் துரு ஏறுவதும் இங்கே சர்வசாதாரணம், ஒரு சொட்டு எண்ணெயை விரலால் தடவி வையுங்கள், லென்ஸில் படாமல்.

சைட்டில் மிச்சம் பிடித்த பணத்தை, அதைப் பிஸ்டலோடு பிடிக்கும் தாங்கியில் போடுங்கள். பிஸ்டலின் மேல் இருக்கும் பள்ளம் வெட்டிய தண்டவாளத்தில் இரண்டு வகை. பிக்காட்டினியில் பள்ளத்தின் அகலம் 5.2 மில்லிமீட்டர், ஒன்றிலிருந்து ஒன்று சரியாகப் பத்து மில்லிமீட்டர். வீவரில் பள்ளம் 4.6 மில்லிமீட்டர்தான், இடைவெளிக்கு ஒரே கணக்கு கிடையாது. வீவர் தாங்கி பெரும்பாலும் பிக்காட்டினியில் உட்காரும், பிக்காட்டினி தாங்கி வீவரில் உட்காராது. தாங்கியின் குறுக்குக் கட்டை பள்ளத்துக்குள் இறங்கியபின் சைட்டை முன்பக்கம் தள்ளிப் பிடித்துக்கொண்டு திருகை இறுக்குங்கள். பிறகு சுடும்போது அது நகர இடமே இருக்காது. தண்டவாளத்தைப் பிஸ்டலோடு பிடிக்கும் திருகுகளைக் கழற்றி, எண்ணெய்ப் பசையைத் துடைத்து, திருகு கழலாமல் பிடிக்கும் பசையான நீல நிற லாக்டைட் ஒரு பொட்டு வைத்து முடுக்க வேண்டும். கடைசியாக, வீட்டுக்காரியிடம் கேட்டு வாங்கிய நகப்பூச்சால் திருகுத் தலையிலிருந்து தண்டவாளம் வரை ஒரு கோடு இழுத்திருக்கிறேன். கோடு உடைந்திருந்தால் திருகு நகர்ந்திருக்கிறது. ஒவ்வொரு சனிக்கிழமையும் சுடுவதற்கு முன் அந்தச் சிவப்புக் கோட்டைப் பார்ப்பது பழக்கமாகிவிட்டது.

சைட் குழலுக்கு மேலே நாலு சென்டிமீட்டர் உயரத்தில் உட்காருகிறது என்பதையும் மறக்க வேண்டாம். 25 மீட்டருக்குச் சரிசெய்த பிஸ்டலால் 10 மீட்டரில் சுட்டால் தோட்டா ஒன்றரை இரண்டு சென்டிமீட்டர் கீழே போகும். சைட் கெட்டுவிட்டது என்று திருகைத் தொடாதீர்கள்.

பேட்டரி பெரிய விஷயமில்லை. ரோமியோ 5, டிஆர்எஸ்-25 போன்ற மூடிய வகைகளில் சிஆர் 2032, எந்த மளிகைக் கடையிலும் கிடைக்கும். திறந்த வகைகளில் பெரும்பாலும் சிஆர் 1632. அந்த எண்ணிலேயே அளவு இருக்கிறது, விட்டம் 20 அல்லது 16 மில்லிமீட்டர், தடிமன் 3.2. தோட்டாப் பெட்டியின் மூடிக்குள் ஒரு மாற்று பேட்டரியை ஒட்டி வையுங்கள்.

புள்ளி கிடைத்த முதல் மாதம் எல்லோரும் செய்யும் தவறு புள்ளியையே பார்ப்பது. பல வருஷம் முன்குறியையே பார்த்துப் பழகிய கண் அது. பார்வை அட்டையின் நடுவில் இருக்க வேண்டும், புள்ளி தானாக அங்கே வந்து மிதக்கும். அது ஆடும். நிற்கவே நிற்காது. முன்பும் கை அவ்வளவு ஆடியது, முன்குறியில் அது தெரியவில்லை, அவ்வளவுதான். ஆட்டம் கறுப்பு வட்டத்துக்குள் இருக்கும்வரை விசையை ஒரே சீராக அழுத்திக்கொண்டே போங்கள், எந்த நொடியில் வெடிக்கும் என்று தெரியாமல். எனக்கு இது பிடிபட மூன்று மாதம் ஆயிற்று. அந்த மூன்று மாதம் என் மதிப்பெண் திறந்த குறியில் இருந்ததைவிடக் கீழேதான் இருந்தது.

கிளப்பில் எனக்குப் பக்கத்துத் தடத்தில் சுடும் ஒரு பெரியவர் இருக்கிறார். சாட்ஸ்வொர்த்காரர், கரும்புத் தோட்டத்துக்கு வந்தவர்களின் நாலாம் தலைமுறை. வயது எழுபதை நெருங்குகிறது. என்னைத் தம்பி என்பார், நான் அண்ணா என்பேன். அவர் பாட்டி பேசிய தமிழை அப்படியே பத்திரமாக வைத்திருக்கிறார். போன வருஷம் என் பிஸ்டலை வாங்கிப் பார்த்துவிட்டு, "தம்பி, எனக்கு இது புள்ளியாத் தெரியல. மொளகாப்பழம் மாதிரி வாலோட தெரியுது" என்றார். சைட் மோசம் என்று முடிவு கட்டி, விலை கூடியது ஒன்றை வாங்கித்தர மகனிடம் சொல்லப்போவதாகவும் சொன்னார்.

"அண்ணா, கொஞ்சம் பொறுங்க" என்று சொல்லி, துப்பாக்கியைக் காலிசெய்து மேசையில் வைத்தேன். சைட்டை மட்டும் கழற்றி அவர் கையில் கொடுத்து, கண்ணுக்கு முன்னால் பிடித்து மெதுவாகத் திருப்பச் சொன்னேன். திருப்பினார். "வால் திரும்புதா?" என்று கேட்டேன். "இல்ல, அப்படியே கீழதான் தொங்குது." சைட்டில் குறை இருந்தால் வாலும் சைட்டோடு சேர்ந்து சுற்றும். சுற்றவில்லை என்றால் குறை கண்ணில். என் போன் கேமராவைச் சைட்டின் பின்னால் வைத்துப் படம் எடுத்துக் காட்டினேன். படத்தில் புள்ளி உருண்டையாக இருந்தது. அஸ்டிக்மாடிசம், கருவிழியின் வளைவு ஒரு பக்கம் கூடக் குறைய இருப்பது. அவர் கண்ணாடி மாற்றி ஒன்பது வருஷம் ஆகியிருந்தது.

மகனிடம் சைட் கேட்கவில்லை. கண் பரிசோதனைக்கு அழைத்துப் போகச் சொன்னார். இரண்டு மாதம் கழித்துப் புதுக் கண்ணாடியோடு வந்து, பையைக்கூடக் கீழே வைக்காமல் என் பிஸ்டலைக் காட்டிக் கை நீட்டினார். காலிசெய்து கொடுத்தேன். அட்டையின் பக்கம் நீட்டி, ரொம்ப நேரம் இறக்காமல் பார்த்துக்கொண்டே நின்றார்.

"பொட்டு மாதிரி இருக்கு தம்பி," என்றார். "ஆயா நெத்தியில வைக்கிற பொட்டு."